மூன்றாம் பாயும் நான்காம் பாயும்

டெல்பர்ட் ஹெக்லண்ட் துப்பாக்கிச் சங்கத்தின் போட்டி நடத்துநர் ஆனதற்குக் காரணம், கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது அவர் கழிப்பறைக்குப் போயிருந்ததுதான். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் அவரும் தட்டினார்.

"எதுக்குய்யா தட்டுறோம்?" என்று பக்கத்தில் இருந்த ஃப்ளாய்டைக் கேட்டார்.

"உனக்குத்தான். இனிமே போட்டியெல்லாம் நீதான் நடத்துற. எழுந்து போறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

டெல்பர்ட் மான்டனாவின் கிழக்கு மூலையில், மாவட்டச் சாலைத் துறையில், சரளைச் சாலைகளைச் சமன் செய்யும் வண்டி ஓட்டுபவர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். சாலையில் ஒரு மேடு தெரிந்தால் அதைச் சீவாமல் வீட்டுக்குப் போகமாட்டார். மற்றபடி அவரைப் பற்றிச் சொல்ல ஊரில் யாரிடமும் பெரிதாக எதுவும் இல்லை. ஒன்று மட்டும் சொல்வார்கள்: ஆயிரம் கஜத்தில் காற்றைக் கணித்துச் சுடத் தெரிந்தவர். அவரும் தன்னைப் பற்றி நிச்சயமாக நம்பியிருந்தது அது ஒன்றைத்தான்.

அவர் கைக்கு வந்தபோது சங்கம் நோயாளியாகத்தான் இருந்தது. போட்டிக்கு வருகிறவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்துவிடலாம். சுடுகளம் இருக்கும் பள்ளத்தாக்கு டுவேன் ஷில்லிங் என்ற மாட்டுப் பண்ணைக்காரருடையது. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய மகனுக்கு அந்தப் புல் மேல் கண். "ஆளுங்க வந்தா சரி. நாலு பேரு படுத்துச் சுடுறதுக்கு இவ்ளோ மேய்ச்சல் நிலத்த எதுக்கு விட்டு வெக்கணும்னு பையன் கேக்குறான். எனக்கும் பதில் தெரியல. இலையுதிர் காலம் வரைக்கும் பாப்போம்" என்று ஷில்லிங் சொல்லியிருந்தார்.

வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாநிலக் கூட்டமைப்பு தன் செப்டம்பர் போட்டிக்குப் புது இடம் தேடிக்கொண்டிருந்தது. அது இங்கே வந்தால் சங்கம் பிழைக்கும். ஆகஸ்ட் போட்டியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல ஒருவர் வருவார் என்று தகவல் வந்தது.

டெல்பர்ட் கூட்டமைப்பின் விதிப் புத்தகத்தை வாங்கி, அதில் சொன்னபடியெல்லாம் செய்ய ஆரம்பித்தார். இலக்கு அட்டைகளை ஏற்றி இறக்கும் மரச் சட்டங்களைப் புதுப்பித்தார். அட்டைகளுக்குக் கீழே, குண்டு படாமல் ஆட்கள் நிற்கும் குழியின் சுவரை உயர்த்தினார். பள்ளத்தாக்கு நெடுக மூன்று நான்கு காற்றுக் கொடிகளே இருந்தன. அவற்றுக்கு நடுவே இன்னும் நிறைய நட்டார். கடைசியாக, சுடும் வரிசையில் யாரும் பேசக் கூடாது என்ற விதியைக் கூட்டத்தில் வைத்தார்.

ஆயிரம் கஜத் தூரத்தில் குண்டு போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் காற்று அதை ஒரு மனித அகலத்துக்குத் தள்ளிவிடும். எவ்வளவு தள்ளும் என்று முன்கூட்டியே கணித்து, துப்பாக்கி மேல் இருக்கும் தொலைநோக்கியின் திருகை அந்த அளவுக்குத் திருகிவிட்டுச் சுட வேண்டும். காற்று மாறினால், முதலில் கவனித்தவர் எந்தப் பக்கம், திருகில் எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது இந்தச் சங்கத்தில் பழக்கம். "விட்டுப்போச்சு," "வலதுல ரெண்டு," "இரு இரு, திரும்புது" என்று வரிசையில் ஏதாவது ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை யாரும் உதவி என்று நினைத்ததில்லை. வானிலை பற்றிப் பேசுவதுபோல ஒரு பேச்சு. விதிப் புத்தகமோ, தனிநபர் போட்டியில் பிறருக்குக் காற்றைச் சொல்கிறவர் களத்திலிருந்து நீக்கப்படுவார் என்றது.

"சர்ச்சுல பாதிரியார் பிரசங்கம் பண்றப்பவே லவோன் வாய மூடுனதில்ல. இங்க மூடுவாளா?" என்றார் ஃப்ளாய்ட்.

"பாதிரியார் ஒரு தடவையாவது காத்தப் பத்திப் பேசட்டும், நான் வாய மூடிக்கிட்டுக் கேக்குறேன்" என்றார் லவோன் பிரெக்கி.

லவோன் பண்ணை வீடுகளுக்குத் தபால் வண்டி ஓட்டுபவர். டெல்பர்ட் மூன்றாம் பாயில் படுத்துச் சுடுவார். லவோன் நான்காம் பாயில். யாரும் அப்படி ஒதுக்கவில்லை. முதல் வருடம் அப்படிப் படுத்தார்கள், பிறகு அதுவே அவரவர் இடமாகிவிட்டது. வாக்கெடுப்பின்போது லவோன் ஆதரவாகவும் கை தூக்கவில்லை, எதிராகவும் தூக்கவில்லை. விதி நிறைவேறியது.

மே மாதப் போட்டியில்தான் முதல் முறையாகப் பேச்சில்லாமல் சுட்டார்கள். வெடிச் சத்தத்துக்கும் அடுத்த வெடிச் சத்தத்துக்கும் நடுவே புல்வெளிப் பறவைகளின் சத்தம் கேட்டது. டெல்பர்ட்டுக்கு அது பிடித்திருந்தது, தன் புள்ளிகளைக் கேட்கும் வரை. எப்போதும் பத்தும் ஒன்பதுமாக விழும் அவருடைய குண்டுகள் அன்று ஏழும் எட்டுமாக அட்டை முழுக்க மேய்ந்திருந்தன.

துப்பாக்கியில் கோளாறு என்று நினைத்தார். அவர் இடத்தில் எந்தத் துப்பாக்கிக்காரரும் அப்படித்தான் நினைப்பார். தொலைநோக்கியின் திருகாணிகளைக் கழற்றி மாட்டினார். ஜூன் போட்டியில் இன்னும் மோசம். குழல் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்து புதுக் குழல் போட்டார். பிறகு தோட்டாவின் மருந்தை மாற்றினார். பிறகு கண் மருத்துவரிடம் போய்க் கண்ணாடியை மாற்றினார். மருத்துவர், "பழைய கண்ணாடியே நல்லாத்தான இருந்துச்சு?" என்று கேட்டார். டெல்பர்ட் புதியது வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கி வந்தார்.

"குழல மாத்துன, மருந்த மாத்துன, கண்ணாடிய மாத்துன. அடுத்து என்னையா?" என்றார் மனைவி ஆர்டிஸ்.

"உன்ன மாத்தி என்ன ஆகப்போகுது. நீ சுடுறதில்லையே."

"ஒருவேளை நீயும் சுடுறதில்லையோ என்னவோ."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். டெல்பர்ட் சிரிக்கவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார்.

அவரைக் குழப்பிய இன்னொன்று, சங்கம் நன்றாக ஆகிக்கொண்டே போனது. கிளென்டைவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாநில எல்லை தாண்டி டிக்கின்சனிலிருந்தும் வந்தார்கள். "இவ்ளோ ஒழுங்கா நடத்துறீங்களே, பேச்சு மூச்சே இல்லாம!" என்று வந்தவர்கள் மெச்சினார்கள். ஷில்லிங் தன் மகனைக் கூட்டிவந்து, வரிசையாக நின்ற வண்டிகளைக் காட்டினார். சாலையில் ஒரு மேட்டைச் சீவினால் சாலையும் நன்றாகும், ஓட்டுகிற வண்டியும் குலுங்காது. இங்கே சாலை நன்றாகிவிட்டது, வண்டி மட்டும் முன்னைவிட அதிகமாகக் குலுங்கியது. இரண்டும் எப்படி ஒரே காரணத்திலிருந்து வரும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவை ஒரே காரணத்திலிருந்து வந்தவை என்பதே அப்போது அவருக்குத் தெரியாது.

ஜூலையில் ஒரு மாலை, யாரும் இல்லாதபோது, தனியே போய் மூன்றாம் பாயில் படுத்துப் பார்த்தார். சுடவில்லை. கொடிகளை மட்டும் பார்த்தார். அருகில் இருந்த கொடி வலப்பக்கம் பறந்தது. அதற்கு அடுத்தது தொங்கியது. நடுவில் இருந்தவை ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் திரும்பி நின்றன. கடைசிக் கொடி எழுந்து விழுந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் அவர்தான் நட்டார். இவற்றில் எதைப் பார்த்து இவ்வளவு காலம் சுட்டோம் என்று நினைவுபடுத்த முயன்றார். கொடிகள் குறைவாக இருந்த காலத்தில் எதைப் பார்த்தோம் என்றும் யோசித்தார். பார்த்ததாக ஒரு நினைவும் வரவில்லை. திருகைத் திருகியது மட்டும் விரல்களுக்கு நினைவிருந்தது. ஒரு வேலையை நன்றாகச் செய்கிறவன் அதை எப்படிச் செய்கிறான் என்று சொல்லத் தெரியாமல் இருப்பது சகஜம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அது உண்மைதான். ஆனால் அந்த வேலையைச் செய்யவே தெரியாதவனுக்கும் சொல்லத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் போட்டிக்கு வந்த கூட்டமைப்பு ஆளின் பெயர் மஸ்கிரேவ். உயரமானவர், கான்வாஸ் தொப்பி போட்டவர். மடக்கு நாற்காலியைச் சுடும் வரிசைக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து எதுவும் சொல்லவில்லை. ஆட்கள் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் குடித்தார்.

மதியத்துக்குப் பிறகு மேற்கே இடி மேகங்கள் ஏறின. காற்று நிலையில்லாமல் ஆடியது. டெல்பர்ட் தன் பாயில் படுத்திருந்தார். பின்னால் ஃப்ளாய்ட் உட்கார்ந்து அவருடைய புள்ளிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை சுட்டதும் அட்டை குழிக்குள் இறங்கும். கீழே இருப்பவர்கள் குண்டு பட்ட ஓட்டையில் ஒரு வெள்ளை வட்டைச் செருகி மறுபடி ஏற்றுவார்கள். டெல்பர்ட்டின் வட்டு ஒருமுறை இடது ஓரத்தில் வந்தது. சரி செய்து சுட்டார். வலது ஓரத்தில் வந்தது.

"ஏழு" என்றார் ஃப்ளாய்ட், இழவு வீட்டில் பேசுகிற குரலில்.

டெல்பர்ட் மூச்சை விட்டு, அடுத்த தோட்டாவைப் போட்டு, கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தார். அப்போது நான்காம் பாயிலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது. லவோன் தன் துப்பாக்கியின் கட்டையில் கன்னத்தை வைத்தபடியே, உதடு அசைவதுகூடத் தெரியாமல் சொன்னார்.

"விட்டுருச்சு... திரும்பி வருது. இடது, ஒண்ணர."

டெல்பர்ட் யோசிக்கவில்லை. அவருடைய விரல்கள் திருகைத் திருகிவிட்டிருந்தன. வெடித்தது. அட்டை இறங்கியது, ஏறியது. வெள்ளை வட்டு நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது.

"பத்து! உள்வட்டம்!" என்றார் ஃப்ளாய்ட். "எங்கய்யா போயிருந்த இத்தன மாசமா?"

டெல்பர்ட் அந்த வட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கோளாறு மருந்தில் இல்லை, குழலில் இல்லை, கண்ணாடியில் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக அவர் காற்றைக் கணித்ததே இல்லை. பக்கத்துப் பாயில் ஒரு பெண் முணுமுணுத்ததைக் கேட்டுத் திருகியிருக்கிறார். கேட்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் கேட்டிருக்கிறார். ஊர் அவரைப் பற்றிச் சொன்ன அந்த ஒன்றும் அவருடையது இல்லை.

அந்தப் பத்தைத் தன்மேல் வைத்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. சட்டைக்குள் பூச்சி புகுந்தவர்போலக் கையைத் தூக்கினார். அதன் பிறகு என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

மஸ்கிரேவ் எழுந்து வந்தார். "என்ன ஆச்சு?"

"இந்தக் குண்ட எனக்குச் சேக்காதீங்க. தப்புன்னு போட்டுருங்க."

"நடுவுல விழுந்திருக்கே?"

"காதுல கேட்டுச் சுட்டேன்."

"கண்ணால பாத்துட்டுத்தான்யா எல்லாரும் சுடுவாங்க. வெயில்ல மூள காஞ்சுபோச்சா?" என்றார் ஃப்ளாய்ட்.

மஸ்கிரேவ் சிரிக்கவில்லை. "யாரோ காத்தச் சொன்னாங்க, நீங்க கேட்டீங்க. அதானே? கேட்டவருக்கு விதியில தண்டன கிடையாது. உங்க புள்ளி உங்களுக்குத்தான். சொன்னவங்கதான் வெளிய போகணும். யாரு சொன்னது?"

டெல்பர்ட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ஒரு குண்டைத்தான் கழிக்க நினைத்தார். விதி அந்தக் குண்டை அவரிடமே விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டது.

"நான்தான்" என்றார் லவோன், பாயிலிருந்து தலையைத் தூக்கி. "வேற யாரு இருக்கா? ஃப்ளாய்டுக்குக் காத்து வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது."

"அவ எனக்குச் சொல்லல. தனக்குத்தானே சொல்லிக்கிட்டா" என்றார் டெல்பர்ட் அவசரமாக.

"இருக்கலாம். ஆனா நீங்க அதக் கேட்டுச் சுட்டிருக்கீங்க. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் பாக்க வந்தவன். போட்டி நடத்துறது நீங்க" என்று சொல்லிவிட்டு மஸ்கிரேவ் கையைக் கட்டிக்கொண்டார்.

வரிசை முழுக்கச் சுடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. வெளியூர்க்காரர்கள் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்தார்கள். விட்டுவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது என்று டெல்பர்ட்டுக்குத் தோன்றியது. விட்டுவிட்டால் மஸ்கிரேவ் என்ன எழுதுவார் என்பதும் தோன்றியது. ஷில்லிங்கின் மாடுகள் இந்தப் பாய்கள் கிடக்கும் இடத்தில் சாணி போடும். விதியைக் கொண்டுவந்தவர் அவர், முறையிட்டவர் அவர், தீர்ப்புச் சொல்ல வேண்டியவரும் அவர். இதில் எந்த இடத்தில் நின்றால் நேர்மை என்று அவருக்கு விளங்கவில்லை. மூன்று இடத்திலும் ஒரே ஆள் நிற்பதே சரியில்லை என்று மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"லவோன், நீ எந்திரிக்கணும்" என்றார்.

லவோன் துப்பாக்கியின் பூட்டைக் கழற்றி, குழல் காலியாக இருப்பதைக் காட்டிவிட்டு எழுந்தார். முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டினார்.

"என் புருஷன்கூட என்ன எந்திரின்னு சொன்னதில்ல, டெல். காபி போடத்தான் எழுப்புவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரோ சிரித்தார்கள். பிறகு சிரித்தது தப்போ என்று நிறுத்திக்கொண்டார்கள்.

மிச்சமிருந்த குண்டுகளை டெல்பர்ட் சுட்டு முடித்தார். ஒன்று ஆறில் விழுந்தது. ஒன்று ஏழில். ஒன்று ஒன்பதில். ஆறு ஏன் ஆறாயிற்று என்று தெரியவில்லை, ஒன்பது ஏன் ஒன்பதாயிற்று என்றும் தெரியவில்லை. இவை என்னுடையவை என்று சொல்லிப் பார்த்தார். அதில் பெருமைப்பட ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். தெரியாமல் சுட்ட ஒன்பது எந்த வகையில் தன்னுடையது என்பதே பிடிபடவில்லை.

மழை ஊரைச் சுற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டது. கொட்டகையில் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டு வேகவைத்த சில்லியையும், அதற்குத் தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை ரொட்டிச் சுருள்களையும் எடுத்து வைத்தார்கள். மஸ்கிரேவ் இரண்டு தட்டு சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, "பழைய சிநேகிதியையே எழுப்பிவிட்ட இடத்த நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. செப்டம்பர் போட்டி இங்கதான்" என்றார்.

ஷில்லிங் தன் மகனின் முதுகில் ஓங்கி அறைந்தார். கொட்டகை அதிர்ந்தது. ஃப்ளாய்ட் டெல்பர்ட்டைக் கட்டிப்பிடித்து, "பொழச்சுட்டோம்யா!" என்று காதுக்குள் கத்தினார். டெல்பர்ட் தலையாட்டினார். சங்கம் பிழைத்துவிட்டது. அவர் கேட்டதும் அதைத்தான். தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

லவோன் தன் வண்டியின் பின்கதவைத் திறந்து பாயைச் சுருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கிடச்சிருச்சு. செப்டம்பர்ல இங்கதான்" என்றார் டெல்பர்ட்.

"கேட்டுச்சு. ஃப்ளாய்ட் கத்துனது ஊருக்கே கேட்டிருக்கும்."

"கோவமா?"

"இருக்கு. எது மேலன்னுதான் தெரியல. நீ சொன்னது சரிதான். சரியா இருக்கறதாலயே கோவம் இன்னும் கூடுதோ என்னவோ."

டெல்பர்ட் வண்டியின் ஓரத்தில் சாய்ந்துகொண்டார். "லவோன், நான் சொல்றத கேட்டுட்டுச் சிரிக்காத. எனக்குக் காத்தே தெரியாது. இத்தன வருஷமா நீ முணுமுணுத்தத வெச்சுத்தான் சுட்டிருக்கேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. காத்தக் கணிச்சது நீ."

லவோன் சிரிக்கவில்லை. சுருட்டிய பாயை மறுபடியும் அவிழ்த்தார், எதற்கென்று அவருக்கே தெரியாததுபோல.

"நானா? நான் வாய்க்கு வந்ததச் சொல்லுவேன், டெல். தபால் வண்டியிலயும் அப்படித்தான் எதயாவது சொல்லிக்கிட்டே போவேன். நான் ஒண்ணு சொல்லுவேன், நீ டமால்னு சுடுவ. உன் வட்டு எங்க ஏறுதுன்னு பாப்பேன். நடுவுல வந்தா, ஆமா, சரிதான்னு நானும் சுடுவேன். கொஞ்சம் தள்ளி வந்தா அத மனசுல வெச்சுக்கிட்டு அடுத்தது மாத்திச் சொல்லுவேன். உனக்குக் காத்து தெரியும்னுல்ல நான் நெனச்சுட்டு இருந்தேன்?"

டெல்பர்ட் அவிழ்ந்த பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"மே மாசத்துலேர்ந்து என் புள்ளிய நீ பாத்தியா?" என்றார் லவோன்.

"இல்ல."

"பாக்க மாட்ட. உன்னோடத விட மோசம். நீ கண்டபடி சுட்டா நான் எதப் பாத்துச் சுடுறது? நான் கண்ணாடி மாத்தல, அவ்ளோதான்."

அப்படியானால் காற்று யாருக்குத் தெரிந்திருந்தது? டெல்பர்ட் மனதுக்குள் முதலில் தன்னை நிறுத்திப் பார்த்தார். இல்லை. லவோனை நிறுத்திப் பார்த்தார். அதுவும் இல்லை. ஆனால் அத்தனை வருடமும் குண்டுகள் நடுவில் போய் விழுந்தது பொய்யில்லை. அட்டைகளில் ஓட்டைகள் இருந்தன, குழியில் நின்றவர்கள் கையால் தொட்டு வட்டு செருகியிருக்கிறார்கள். இரண்டு பாய்களுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன இடைவெளியில் ஏதோ ஒன்று காற்றை அறிந்திருக்கிறது. அதற்குப் பெயர் கிடையாது. அதற்குப் பரிசுக் கோப்பை கொடுக்க முடியாது. அது யாருடையது என்று கேட்டால் கை தூக்க ஆள் இல்லை. ஆயினும் அதை ஒரு விதியால் நீக்கிவிட முடிந்திருக்கிறது.

"செப்டம்பர்ல என்ன எங்க போடப் போற?" என்று கேட்டார் லவோன்.

"வருவியா?"

"வராம? ஆனா எங்க? உன் பக்கத்துலயா, கடைசிப் பாய்லயா?"

"நீ எங்க வேணும்னு சொல்ற?"

"பக்கத்துல போட்டா வாயத் திறக்க மாட்டேன். நூல் போட்டுக்கூடத் தெச்சுக்கறேன். ஆனா உன் வட்டு ஏறும்போது நான் கண்ண மூடிக்கணுமா? அதுக்கும் உன் புத்தகத்துல ஏதாவது போட்டிருக்கா?"

டெல்பர்ட் யோசித்துப் பார்த்தார். பிறர் அட்டையைப் பார்க்கக் கூடாது என்று புத்தகத்தில் எங்கும் இல்லை. எல்லோரும் பார்க்கத்தான் செய்கிறார்கள். பார்ப்பது சரி, சொல்வது தப்பு. அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று நேற்று கேட்டிருந்தால் அவர் தயங்காமல் காட்டியிருப்பார்.

"தெரியல" என்றார்.

"நல்ல நடத்துநர்."

கொட்டகையில் இன்னும் சத்தமாகத்தான் இருந்தது. கீழே பள்ளத்தாக்கில் கொடிகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தன. போட்டி முடிந்துவிட்டது. இப்போது பேச எந்தத் தடையும் இல்லை. அப்படியும் கேட்பதற்கு முன் டெல்பர்ட் ஒருமுறை பின்னால் திரும்பி, மஸ்கிரேவ் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

"இப்ப காத்து எவ்வளவு இருக்கும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

லவோன் கண்களைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். உதடுகள் அசைந்தன. பிறகு நின்றன.

"சொல்ல முடியல, டெல். நீ ஒண்ணு சுட்டாத்தான் தெரியும்."

சுட முடியாது. இலக்குச் சட்டங்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். வட்டு செருகக் குழியில் ஆள் இல்லை. இருவரும் வண்டியின் ஓரத்தில் சாய்ந்தபடி கொடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.